தாத்தாவின் 1835 தங்க மோகர்: விற்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து 46 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். போன வருடம் அவருடைய அப்பா காலமாகிவிட்டார். பீரோவை ஒழித்தபோது ஒரு சின்ன மரப்பெட்டியில் இரண்டு தங்கக் காசுகள் கிடைத்தன. ஒன்று 1835 என்று ஆண்டு போட்ட மோகர். தலைப் பக்கத்தில் பிரிட்டனின் நான்காம் வில்லியம் மன்னர், பூப் பக்கத்தில் சிங்கமும் பனைமரமும். கண்ணாடி போல முகம் தெரிகிறது என்கிறார். அதை வாங்கி வைத்தவர் தாத்தா. கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரில்) மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி நடத்தியவர், 1978இல் உயில் எழுதாமல் இறந்துபோனார். பாட்டி அவருக்கு முன்பே தவறிவிட்டார். காசோடு பழுப்பேறிய கவர் ஒன்றும் இருந்திருக்கிறது. தாத்தாவின் பெயர், மேலே பம்பாய் நாணயச்சாலையின் முத்திரை. உள்ளே ஒன்றும் இல்லாததால் குப்பையில் போட எடுத்து வைத்திருக்கிறார்.

இரண்டாவது காசு அம்மாவுடையது. புதுச்சேரியில் பிறந்த வீட்டில் கல்யாணத்துக்குப் போட்டது, மேலே வளையம் பற்ற வைத்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் சவரன் என்றே நினைத்திருந்தார்கள். பாரதி வீதி நகைக்கடை ஒன்றில் எடை போட்டால் வளையத்தோடு சேர்த்து ஆறே முக்கால் கிராம்தான் வந்தது, மாற்றும் 22 கேரட்டுக்குக் கொஞ்சம் குறைவு. "இது டூப்ளிகேட் சவரன்" என்று சொல்லிவிட்டார்கள்.

மோகரைப் பார்த்த தரகர் ஒருவர் அது "ப்ரூஃப்" காசு என்கிறார். லேசாகப் பாலிஷ் போட்டால் விலை ஏறும், செயின்ட் டேவிட் கோட்டை இடிபாட்டில் கிடைத்தது என்று சொன்னால் இன்னும் ஏறும் என்று ஆசை காட்டியிருக்கிறார். வில்லியம் பெயருக்குப் பின்னால் நான்கு கோடுகள் இருப்பது அச்சுப் பிழை, அதனால் கோடிக்கணக்கில் போகும் என்று ஒரு வீடியோவும் பார்த்திருக்கிறார் வாசகர். பாரிஸில் இருக்கும் மாமா மகன், ஊருக்கு வரும்போது எடுத்துப்போய் அங்கே விற்றுத் தருவதாகச் சொல்கிறார். "தங்கைக்குக் கல்யாணத்தில் நகை போட்டாகிவிட்டது, அத்தை நெல்லிக்குப்பத்தில் வசதியாக இருக்கிறார், ஆகவே காசு எனக்கும் அம்மாவுக்கும்தானே?" என்பது ஒரு கேள்வி. ஆன்லைன் விளம்பரத்தை நம்பி "ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம்" என்று 2,500 ரூபாய் கட்டியிருப்பதையும் சொல்கிறார். அம்மா தன் காசை மறுபடி சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறாராம். செய்யலாமா என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

நான் வழக்கறிஞர். பழைய நாணயங்களைப் பல வருடங்களாகச் சேகரித்தும் வருகிறேன். அதனால் காசைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் கடிதம் முழுக்க விலையைச் சுற்றியே போகிறது. அது என்ன காசு, யாருடைய காசு என்ற இரண்டும் தெரியாமல் விலை பேசினால் நஷ்டம் உங்களுக்குத்தான். தரகர் அவசரப்படுத்துகிறார் என்றால் அவருக்கு இது தெரியும் என்று அர்த்தம்.

பாலிஷ் வேண்டவே வேண்டாம்

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எதையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம், இதை முடியாது. பாலிஷ் போடும்போது காசின் மேல்தோல் தேய்ந்து போகிறது. சிங்கத்தின் பிடரி மயிர், எழுத்தின் ஓரம் எல்லாம் மழுங்கும். போன உலோகத்தை எந்தப் பத்தராலும் திரும்ப வைக்க முடியாது. சேகரிப்பவர்கள் பாலிஷ் போட்ட காசைக் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள். ப்ரூஃப் காசில் அடி இன்னும் பலமாக விழும், ஏனென்றால் அதன் மதிப்பே அந்த மேல்தோலில்தான் இருக்கிறது. துணியால் துடைப்பது, புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். 22 கேரட் தங்கத்தில் செம்பு கலந்திருப்பதால் சில காசுகளில் சிவப்புப் புள்ளி வரும். இருந்தால் இருக்கட்டும்.

காசை எடுக்கும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள், கீழே மெத்தென்று துணி விரித்துக்கொள்ளுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், நாள்பட்டால் அது பிசுக்கு விடும். நாணயங்களுக்கென்றே விற்கும் வட்டக் கேப்ஸ்யூல் வாங்குங்கள். பிறகு பேங்க் லாக்கர். ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும்: தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றுக்கு வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, அந்தப் பொறுப்பும் இல்லை. 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த ஊர்க்காரர் நீங்கள். தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, முடிந்தால் மாடியில் இருக்கும் லாக்கராகக் கேளுங்கள்.

ப்ரூஃப் என்பது பளபளப்பு இல்லை

உங்கள் கடிதத்தில் இருக்கும் பெரிய தவறான எண்ணம் இது. தரகரும் அதை வளர்த்துவிட்டிருக்கிறார். ப்ரூஃப் என்பது காசு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கான மதிப்பெண் கிடையாது. அதை எப்படி அடித்தார்கள் என்பதைச் சொல்வது. கடைத்தெருவுக்குப் போகும் காசை வேகமாக, ஒரே அடியில் அடித்து மூட்டையில் கொட்டுவார்கள். ப்ரூஃபுக்கு எஃகு அச்சையும், காசாகப் போகும் உலோக வில்லையையும் முதலில் கண்ணாடி போல மெருகேற்றுவார்கள். பிறகு நிதானமாக, கூடுதல் அழுத்தத்தில், பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட அடி கொடுத்து, கையால் எடுத்து வைப்பார்கள். மன்னருக்குக் காட்ட, பரிசளிக்க, நாணயச்சாலையில் மாதிரியாக வைத்துக்கொள்ள, சேகரிப்பவர்களுக்குக் கொடுக்க என்று கொஞ்சம்தான் அடிப்பார்கள். லண்டன் ராயல் மின்ட்டின் 1839 செட்டில் வரும் ஐந்து பவுன் தங்கக் காசு, விக்டோரியா ராணி ஒரு சிங்கத்தை நடத்திப்போவது போல வில்லியம் வயன் செதுக்கியது, இந்தக் கலையின் உச்சம் என்பேன். படத்திலாவது ஒருமுறை பாருங்கள், ப்ரூஃப் என்றால் என்ன என்று கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

இன்னொன்று உங்கள் மோகருக்கே உரியது. 1835இல்தான் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி காசைக் கொண்டுவந்தது. அதே ஆண்டுச் சட்டம் தங்கக் காசைச் செல்லுபடியாகும் பணமாக வைக்கவில்லை. கடன் கொடுத்தவர் மோகரை வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது, வெள்ளி ரூபாய்தான் பணம். ஆகவே இந்த மோகர்கள் சந்தையில் கைமாறித் தேய்ந்தது குறைவு, பெட்டியில் தூங்கியதுதான் அதிகம். சாதாரணமாக அடித்த 1835 மோகர்கூட இன்றைக்குப் பளிச்சென்று இருக்கலாம். அந்தப் பளிச்சை வைத்து ப்ரூஃப் என்று முடிவு கட்டக் கூடாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி, ஒற்றை பல்பின் வெளிச்சத்தில் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். வெற்றிடம், அதாவது உருவமும் எழுத்தும் இல்லாத சமதளம், கண்ணாடியாகவும், மன்னர் முகமும் சிங்கமும் கொஞ்சம் மங்கலாக, பனி படர்ந்தது போலவும் இருந்தால் நல்ல அறிகுறி. அந்தக் கால ப்ரூஃப் எல்லாவற்றிலும் இந்த வேறுபாடு தூக்கலாக இருக்காது. விளிம்பின் உள்ளோரம் கூர்மையாக, சதுரமாக வெட்டியது போல நிற்க வேண்டும். விளிம்பை ஒட்டிச் சுற்றிவரும் சின்னப் பற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். எழுத்துகளின் பக்கச்சுவர் செங்குத்தாக எழ வேண்டும், சரிந்து வழியக் கூடாது.

அடுத்துச் சொல்வது முக்கியம். வெற்றிடத்தில் மயிரிழை போலக் கோடுகள் தெரிகின்றனவா? அவை மேலே புடைத்திருக்கின்றனவா, உள்ளே பள்ளமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். புடைத்திருந்தால், அச்சை மெருகேற்றியபோது அதில் விழுந்த கீறல் காசில் மேடாக வந்திருக்கிறது, பிறவியிலேயே வந்தது. அந்தக் கோடு எழுத்தின் ஓரத்தில் வந்து நின்றுவிடும். பள்ளமாக இருந்தால் யாரோ காசைப் பிற்பாடு தேய்த்திருக்கிறார்கள். தேய்த்த கோடு எழுத்தின் மேலும் மன்னர் கன்னத்தின் மேலும் ஏறிப்போகும். பாலிஷ் போட்டு ப்ரூஃப் என்று ஏமாற்றும் காசுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

நான்கு கோடுகள் பற்றி: அது பிழையே இல்லை. நான்காம் வில்லியம் காசுகளில் நான்கை IV என்று போடாமல் IIII என்றுதான் போட்டார்கள், 1835 ரூபாயிலும் அதேதான். அந்த வீடியோவை மறந்துவிடுங்கள்.

தங்கம் சுத்தம் என்றால் காசும் அசல்தானா?

மோகரின் எடை 11.66 கிராம், அதாவது பழைய எடைக் கணக்கில் சரியாக ஒரு தோலா. 12 பங்கில் 11 பங்கு தங்கம், அதாவது 22 கேரட். உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் ஏறக்குறைய 10.69 கிராம். அன்றைய தங்க விலையில் இதைப் பெருக்கி வருவதுதான் உங்கள் அடிமட்ட விலை. இதற்குக் கீழே எவர் கேட்டாலும் பேச்சைத் தொடராதீர்கள்.

நகைக்கடையில் வைத்திருக்கும் கேரட் மீட்டர் மேல்தோலை மட்டுமே படிக்கும். உள்ளே வேறு உலோகம் இருந்தால் அதற்குத் தெரியாது. உரைகல்லும் அப்படித்தான், அதோடு கீறலும் விழும், உரசவே விடாதீர்கள். அதற்குப் பதில் தண்ணீர் எடை போடச் சொல்லுங்கள். மில்லிகிராம் தராசில் காசை மெல்லிய நூலில் கட்டி, தட்டில் வைத்த தண்ணீர்க் கிண்ணத்துக்குள் அடியைத் தொடாமல் தொங்கவிட வேண்டும். தராசு கூடுதலாகக் காட்டுவது 0.66 கிராமை ஒட்டி இருந்தால் 22 கேரட்டின் அடர்த்தி பொருந்துகிறது. பித்தளை, வெள்ளி, ஈயம் எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கு இடிக்கும். டங்ஸ்டன் என்ற உலோகம் மட்டும் சுத்தத் தங்கத்தின் அடர்த்திக்கு மிக அருகில் வரும். ஆகவே கணக்கு பொருந்தினாலும் மேற்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும்.

அதற்கும் மேலே ஒரு சிக்கல். நல்ல தங்கத்திலேயே போலி அடிப்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெய்ரூட் பக்கம் அப்படி அடித்த பிரிட்டிஷ் சவரன்கள் உலகம் முழுக்கப் பரவியிருக்கின்றன. தங்கத்தில் குறை இருக்காது, அச்சு மட்டும் போலி. எழுத்து தடித்திருக்கும், பற்கள் ஒழுங்கற்றிருக்கும், ஒரே இடத்தில் ஒரே மாதிரி சின்னக் குழி பல காசுகளில் வரும். வார்ப்புப் போலியாக இருந்தால் ஊசிமுனைக் குழிகளும் ஓரத்தில் ஒட்டுக்கோடும் தெரியும். அதனால் கடைசித் தீர்ப்பு, அசல் என்று ஏற்கப்பட்ட 1835 மோகர்களின் பெரிய படங்களோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கும் அனுபவசாலியின் கண்ணில்தான் இருக்கிறது. ஏலப் பட்டியல்களில் பிரிட்மோர் எண் என்று ஒன்று போடுவார்கள். பிரிட்டிஷ் இந்தியக் காசுகளை வகைபிரித்தவரின் பெயர் அது. உங்கள் காசுக்கு எந்த எண் என்று கேளுங்கள். எண் சொல்லத் தெரியாதவரிடம் மதிப்பும் கேட்க வேண்டாம்.

அந்தக் கவரைக் குப்பையில் போடாதீர்கள்

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி. கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகள் பழைய அச்சுகளைப் பத்திரமாக வைத்திருந்து, சேகரிப்பவர்கள் கேட்டபோது அவற்றிலிருந்து புதிதாக ப்ரூஃப் காசுகள் அடித்துக் கொடுத்தன. ஆண்டு 1835 என்றே இருக்கும், ஆனால் அடித்தது பல பத்தாண்டுகள் கழித்து. இந்த வழக்கம் 20ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் நடந்தது. இவற்றை ரீஸ்ட்ரைக் என்பார்கள்.

நாணயச்சாலையின் முத்திரை, உங்கள் தாத்தாவின் பெயர், கண்ணாடி போன்ற காசு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், உங்களிடம் இருப்பது ரீஸ்ட்ரைக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். காசைக் கையில் வாங்கிப் பார்க்காமல் இதை முடிவாகச் சொல்ல மாட்டேன். பழைய அச்சு கிடங்கில் கிடந்து துருப்பிடித்திருந்தால் காசின் வெற்றிடத்தில் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். அச்சு விரிசல் விட்டிருந்தால் மெல்லிய மேட்டுக்கோடு ஓடும். லென்ஸில் அவற்றையும் தேடுங்கள்.

மனம் உடைந்துவிடாதீர்கள். ரீஸ்ட்ரைக் போலி இல்லை. அரசு நாணயச்சாலையில், அசல் அச்சில், அசல் தங்கத்தில் அடித்தது. அதைத் தேடி வாங்குகிற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், தங்க விலையைத் தாண்டி நன்றாகவே போகும். ஆனால் 1835லேயே அடித்த ப்ரூஃபின் விலையை அதற்கு எதிர்பார்க்க முடியாது. 1835லேயே அடித்த ப்ரூஃப் என்று சொல்லி விற்று, வாங்கியவர் பிறகு பரிசோதித்து ரீஸ்ட்ரைக் என்று வந்தால், பணத்தைத் திருப்பிக் கொடுப்பதோடு மோசடி வழக்குக்கும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். தரகரின் கையெழுத்து எங்கேயும் இருக்காது. அந்தக் கவரோடு "ரீஸ்ட்ரைக்" என்றே சொல்லி விற்றால், எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் காட்டக்கூடிய காசாக அது நிற்கும். கவரில் தபால் முத்திரைத் தேதி தெரிகிறதா பாருங்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்து, கவரைத் தட்டையாக ஒரு காகித உறையில் வையுங்கள். மண்டிக் கணக்கு நோட்டு, பழைய ரசீது எதிலாவது இந்தக் காசு வாங்கிய குறிப்பு இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

காசு யாருக்குச் சொந்தம்?

இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956இல். உங்கள் தாத்தா இறந்தது 1978இல், உயில் இல்லாமல். காசு அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது என்று வைத்துக்கொண்டால், அவருடைய மகனும் மகளும் சம வாரிசுகள். பாட்டி அவருக்கு முன்பே தவறிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே பாதி உங்கள் அப்பாவுக்கு, பாதி நெல்லிக்குப்பத்து அத்தைக்கு. அப்பாவின் பாதி உங்கள் அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சமம். ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. கல்யாணத்தில் போட்ட நகை தங்கையின் பங்கைக் குறைக்காது. அத்தையின் வசதி அவருடைய பங்கைக் குறைக்காது. எங்கள் வீடுகளில் எல்லோரும் இப்படி நினைத்தே பழகிவிட்டோம், சட்டம் அப்படி நினைப்பதில்லை.

வேறொரு வழியும் இருக்கலாம். தாத்தா உயிரோடு இருக்கும்போதே காசை உங்கள் அப்பாவிடம் "நீ வைத்துக்கொள்" என்று கொடுத்திருந்தால், அது தானம். அசையும் பொருளைக் கையில் கொடுத்தாலே தானம் செல்லும், பத்திரம் வேண்டாம். அப்படியானால் அத்தைக்குப் பங்கில்லை, நீங்கள் மூவர் மட்டும். இதைச் சொல்லக்கூடியவர் அத்தையேதான். அவரிடம் நேரில் போய்க் காசைக் காட்டிப் பேசுங்கள். விற்ற பிறகு வேறு யாரோ சொல்லி அவருக்குத் தெரிந்தால், கோர்ட்டுக்குப் போகாவிட்டாலும் உறவு போய்விடும். அவர் "அண்ணனுக்குத்தான் கொடுத்தார்" என்றாலோ, "எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றாலோ, அதை எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். தங்கையிடமும் அப்படியே. பங்கு கேட்டால் கொடுப்பதுதான் முறை.

அம்மாவின் காசு இந்தக் கணக்கில் வராது. கல்யாணத்தில் பிறந்த வீட்டார் போட்டது அவருடைய சீதனம், முழு உரிமையும் அவருக்குத்தான். (புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டு ஆணையின்படி பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறிய குடும்பங்கள் உண்டு. சொத்துப் பிரிவினையில் அந்தக் கேள்வி எழும். கல்யாணத்திலேயே அம்மா கைக்கு வந்துவிட்ட காசுக்கு அது தேவையில்லை.)

பாரிஸ், கோட்டைக் கதை, கட்டணம்

மாமா மகனிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். 100 வருடத்துக்குக் குறையாத எந்த நாணயமும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டத்தில் தொல்பொருள். 1835லேயே அடித்ததா, ரீஸ்ட்ரைக்கா என்று முடிவாகாதவரை உங்கள் மோகரையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசோ, அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. பிடிபட்டால் ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்று வருடம் வரை போகக்கூடிய சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. பாவம், உதவி செய்ய வந்தவர் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார். அமெரிக்காவில் தரச்சான்று கொடுத்துப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனங்களுக்குக் கூரியரில் அனுப்பலாம் என்று யாராவது சொன்னாலும் இதே சிக்கல்தான். அப்படி ஏற்கெனவே பெட்டியில் அடைத்து இங்கே விற்பனைக்கு வரும் காசுகளை வாங்க ஆசைப்பட்டால், பெட்டியின் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபாருங்கள். பெட்டியிலேயே போலி இருக்கிறது.

வீட்டில் வைத்திருப்பதில் குற்றம் எதுவும் இல்லை. சிற்பம், ஓவியம் போன்றவற்றுக்கு இருக்கும் கட்டாயப் பதிவு நாணயத்துக்கு இல்லை. தொழிலாக விற்பவருக்குத்தான் உரிமம் வேண்டும். குடும்பக் காசு ஒன்றை ஒருமுறை விற்பது தொழிலாகாது.

கோட்டைக் கதை அபாயகரமான பொய். தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்தது 1758இல். உங்கள் காசில் இருக்கும் ஆண்டு அதற்கு 77 வருடம் பின்னால். விவரம் தெரிந்தவர் கேட்ட மாத்திரத்தில் சிரிப்பார். சட்டம் சிரிக்காது: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணிலோ கட்டடத்திலோ மறைந்து கிடந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஒரு வருடம் வரை சிறை. தாத்தா காசு கொடுத்து வாங்கிய பொருளை, நீங்களே வாயால் புதையலாக்கிக்கொள்ள வேண்டுமா?

2,500 ரூபாயைப் பொறுத்தவரை, பழைய காசு விற்க ரிசர்வ் வங்கி கட்டணமோ கமிஷனோ வாங்குவதில்லை. தன் பெயரில் நடக்கும் இந்த மோசடி பற்றி 2021 ஆகஸ்டில் அதுவே அறிக்கை விட்டது. இனி ஒரு பைசா அனுப்பாதீர்கள். 1930 எண்ணுக்குப் போன் செய்து புகார் பதியுங்கள், ஸ்கிரீன்ஷாட்டுகளை வைத்திருங்கள்.

விற்பதாக முடிவு செய்தால்

சென்னை, பெங்களூரு, மும்பையில் நடக்கும் நாணயக் கண்காட்சிகளுக்குக் காசைக் கொண்டுபோகாமல், நல்ல படங்களோடு முதலில் போய்ப் பேசிப் பாருங்கள். உரிமம் வைத்திருக்கும் ஏல நிறுவனங்கள் தங்கள் பழைய ஏல முடிவுகளை வெளியிடுகின்றன. 1835 மோகர், ப்ரூஃப், ரீஸ்ட்ரைக் மூன்றையும் தனித்தனியாகத் தேடி, கடைசியாக என்ன விலைக்குப் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேட்கும் விலை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கும், கொடுத்த விலைதான் விலை. இரண்டு இடத்திலாவது எழுத்தில் கருத்து வாங்குங்கள். காசைக் கொடுக்கும்போது எடை, விட்டம், இரண்டு பக்கப் படம் போட்ட ரசீது இல்லாமல் கையை விட்டு விடாதீர்கள். கமிஷன் எவ்வளவு, குறைந்தபட்ச விலை எவ்வளவு, விற்காவிட்டால் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதும் அதில் இருக்கட்டும்.

பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடலாம். பரம்பரையாக வந்ததற்கு வரி இல்லை, விற்றால் வரும் லாபத்துக்கு உண்டு. 2024 ஜூலை 23 முதல் நடக்கும் விற்பனைக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம். தாத்தா எப்போதோ வாங்கிய காசு என்பதால், 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த நியாயமான சந்தை மதிப்பை அடக்க விலையாக வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் சான்று வாங்கி, உங்கள் ஆடிட்டரிடம் கொடுங்கள். பங்கு பிரிந்திருந்தால் வரியும் அவரவர் பங்குக்கு அவரவர்.

இனி அம்மாவின் காசு. பாரதி வீதியில் சொன்னதைக் கேட்டு அவர் வருத்தப்பட்டிருப்பார். அது டூப்ளிகேட் சவரன் இல்லை, சவரனே இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் மூன்றாம் நெப்போலியன் முகமும் "20 பிராங்க்" என்ற எழுத்தும் தெளிவாகவே தெரிகின்றன. பிரெஞ்சு 20 பிராங்க் தங்கக் காசின் எடை 6.45 கிராம், 1000க்கு 900 பங்கு தங்கம், அதாவது 21.6 கேரட். கடையில் மாற்று கொஞ்சம் குறைவாகக் காட்டியது அதனால்தான். மீதி எடை வளையத்துடையது. 8 கிராம் சவரனோடு ஒப்பிட்டதுதான் தப்பு. புதுச்சேரி வீடுகளில் இந்தக் காசு இன்னும் நிறைய இருக்கிறது. மோகரைப் போலவே தண்ணீர் எடையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், வளையத்தைக் கழற்றாமலே போடலாம். காசு மட்டும் என்றால் ஏறக்குறைய 0.37 கிராம் வரும், வளையத்துக்காக ஒரு சொட்டு கூடும். சாதாரணப் புழக்கக் காசு, வளையம் முன்பே பற்ற வைத்தாகிவிட்டது. மறுபடி சங்கிலியில் கோப்பதால் குறையப்போவது எதுவும் இல்லை, அம்மா தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். வளையத்தின் பற்று தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பத்தரிடம் காட்டிவிட்டுக் கோத்துக் கொடுங்கள்.